வினைமுற்றுக்குள் இருக்கும் காலம்

காலம் மூன்று என்று பள்ளியில் படித்தோம். ஆடினான், ஆடுகிறான், ஆடுவான் என்று கரும்பலகையில் எழுதி, இடைநிலையைப் பிரித்துக் காட்டினால் மதிப்பெண் கிடைத்தது. அந்த வரிசையில் பிழை ஏதும் இல்லை. ஆனால், நாம் வீட்டிலும் தெருவிலும் பேசும் தமிழைக் கூர்ந்து கேட்டால், ஒரு செயல் எப்போது நடந்தது என்பதைவிட, பேசுபவர் அதை எவ்வளவு உறுதியாக எண்ணுகிறார், முடிந்ததாகக் காண்கிறாரா, வழக்கமாகக் காண்கிறாரா என்பதையே வினைச்சொல் மிகுதியாகச் சொல்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

எதிர்கால இடைநிலைகள் என்று மனப்பாடம் செய்த ப், வ் இரண்டையும் எடுத்துக்கொள்வோம். என் அம்மா தம் சிறுவயதைப் பற்றிப் பேசும்போது, "ஐப்பசி பொறந்தா குளம் நெறைஞ்சிடும், நாங்க எல்லாரும் போய்க் குதிப்போம், தாத்தா கம்பை எடுத்துக்கிட்டு வருவாரு" என்பார். எல்லாமே எப்போதோ நடந்து முடிந்தவை. ஆனால் ஒரு வாக்கியம்கூட இறந்தகால வினைமுற்றில் முடியவில்லை. அதே பேச்சில், "ஒருநாள் தம்பி வழுக்கி விழுந்துட்டான்" என்று ஒற்றை நிகழ்ச்சிக்கு வரும்போதுதான் வினை இறந்தகாலத்திற்கு மாறுகிறது. மறுபடி மறுபடி நடந்ததை நினைவுகூர்வதற்கும், இனி நடக்கும் என்று எதிர்பார்ப்பதற்கும் தமிழ் ஒரே உருவத்தைக் கொடுத்திருக்கிறது.

இதன் ஆழத்தை நான் உணர்ந்தது துக்க வீடுகளில்தான். "அப்பா காலையில எழுந்ததும் பேப்பர் படிப்பாரு" என்ற வாக்கியம், அப்பா உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதைச் சொல்வதில்லை. அவர் இருந்தபோது பிள்ளைகள் சொன்ன அதே வாக்கியத்தை, அவர் போன பிறகும் ஓர் எழுத்துகூட மாற்றாமல் சொல்லலாம். படிக்கிறார் என்பதைப் படித்தார் என்று மாற்ற வேண்டிய கட்டாயம் அந்த வாக்கியத்தில் இல்லை. இழப்பை இலக்கணத்தில் உடனே ஒப்புக்கொள்ளும்படி நம் மொழி நம்மை அவசரப்படுத்துவதில்லை என்பதை நான் பெரிய கொடையாகவே கருதுகிறேன்.

பழைய இலக்கண ஆசிரியர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. காலம் மூன்று என்று வகுத்த தொல்காப்பியர், முக்காலத்திலும் மாறாத இயற்கையைச் சொல்லும்போது நிகழ்காலத்துக்குரிய பொதுச்சொல்லால் சொல்ல வேண்டும் என்றார். உரையாசிரியர்கள் அதற்கு "மலை நிற்கும்", "ஞாயிறு இயங்கும்" என்று எடுத்துக்காட்டுத் தந்தார்கள். ஆக, இன்று நாம் எதிர்காலம் என்று பெயர் சூட்டியிருக்கும், நிற்கும், இயங்கும் போன்ற செய்யும் என்ற வாய்பாடு அவருக்கு நிகழ்காலம். பின்னால் வந்த நன்னூலார் அதே வாய்பாட்டுக்கு நிகழ்வு, எதிர்வு இரண்டையும் கொடுத்தார். எதிர்மறையோ மூன்று காலத்தையும் ஏற்கும் என்றார். அது இன்றைய பேச்சுக்கும் பெரும்பாலும் பொருந்துகிறது. "நேத்து அவன் வரலை", "இன்னும் பஸ் வரலை", "நாளைக்கு நான் வரலை, நீங்க போங்க" என்ற மூன்றிலும் வரலை மாறவே இல்லை. நடக்காத ஒன்றுக்குக் காலம் குறிப்பது அவ்வளவு அவசியமாக நம் மொழிக்குப் படவில்லை போலும்.

காலமயக்கம் பற்றிய நூற்பா எனக்கு மிகவும் பிடித்தமானது. இனி வரப்போவதையும் நடந்துகொண்டிருப்பதையும், விரைவு கருதி, இறந்தகாலத்தில் சொல்லலாம் என்கிறார் தொல்காப்பியர். உரையில் ஒரு சின்னக் காட்சி வருகிறது. உடன் கிளம்ப வேண்டியவன் காத்திருக்கிறான்; சாப்பாடோ தாமதமாகிறது. "இன்னும் உண்ணவில்லையா?" என்று அவன் கேட்கிறான். உண்ணத் தொடங்காதவனும், உண்டுகொண்டிருப்பவனும் "உண்டேன், போந்தேன்" என்று பதில் சொல்கிறார்கள். பல நூற்றாண்டுகள் கழித்து, பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கும் நண்பனிடம் கைபேசியில், "இதோ கிளம்பிட்டேன், வந்துட்டேன்" என்று செருப்பைத் தேடிக்கொண்டே சொல்பவர் செய்வதும் அதுவே. அதைப் பொய் என்று யாரும் எண்ணுவதில்லை. தெளிவு, மிகுதி ஆகியவற்றுக்காகவும் காலம் பிறழும் என்று நன்னூலும் சொல்கிறது; காலம் என்பது கடிகாரத்தோடு மட்டும் கட்டுண்டதன்று என்று நம் இலக்கணிகள் தெளிவாக அறிந்திருந்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

காலத்தை இடமாகக் காணும் உருவகத்தின் பக்கம் திரும்பினால், முன், பின் என்ற இரண்டு சொற்களே போதும். இடத்தைப் பற்றிப் பேசும்போது முன்னே இருப்பது நம் கண்ணுக்குத் தெரிவது. காலத்தைப் பற்றிப் பேசும்போது முன்பு என்பது கடந்தது, பின்பு என்பது இனி வருவது. முன்னோர் போய்விட்டவர்கள். ஆனால் எதிர்காலம் நம் எதிரே இருக்கிறது. முன்னேற்றமும் அந்தத் திசையில்தான். இதை நான் முரண்பாடாக நினைக்கவில்லை. வரிசையாக நடந்துபோகும் கூட்டத்தில் முதலில் போனவர் முன்னவர், அடுத்து வருபவர் பின்னவர். அந்த வரிசையை நோக்கி நிற்பவருக்கு மட்டுமே எதிர் என்ற ஒன்று உண்டு. முன், பின் என்ற வரிசைக்குப் பார்ப்பவர் தேவையே இல்லை. எதிர் என்பதில் பார்ப்பவர்தான் நடு.

தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதியில் பேசப்படும் ஐமாரா மொழியில், கண் என்றும் முன்பக்கம் என்றும் பொருள்படும் சொல்லே கடந்தகாலத்தையும் குறிக்கிறது. அம்மொழி பேசும் முதியவர்கள் பழைய நாட்களைச் சொல்லும்போது கையை முன்னே நீட்டுவதையும், வருங்காலத்துக்குத் தோளுக்குப் பின்னே காட்டுவதையும் ரஃபேல் நூன்யெஸ், ஈவ் ஸ்வீட்சர் என்ற ஆய்வாளர்கள் 2006இல் பதிவு செய்தார்கள். கண்டது முன்னே, காணாதது பின்னே. இதைப் படித்தவுடன் அவர்கள் வேறோர் உலகத்தில் வாழ்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வட அமெரிக்கப் பழங்குடியினர் பேசும் ஹோப்பி மொழியில் காலத்தை நேராகக் குறிக்கும் சொற்களே இல்லை என்று மொழியியலாளர் பெஞ்சமின் லீ வோர்ஃப் எழுதியதும், அம்மொழியில் காலச்சொற்கள் நிறைந்திருப்பதை இன்னொரு மொழியியலாளர் எக்கேஹார்ட் மலோட்கி 1983இல் விரிவாகக் காட்டியதும் நினைவில் இருக்க வேண்டும். மொழி நம்மை அடைத்து வைப்பதில்லை. எந்தப் பக்கம் முதலில் பார்க்க வேண்டும் என்ற பழக்கத்தைத் தருகிறது, அவ்வளவே.

தமிழ் அந்தப் பழக்கத்தைப் பெரும்பாலும் துணைவினைகளில் வைத்திருக்கிறது. இரு, நில், கிட, வா, போ என்று உடம்பின் இருப்பையும் நடையையும் குறிக்கும் சொற்களே, வேறொரு வினையின் பின்னால் வந்து நின்று, அச்செயலின் உள்ளமைப்பைக் காட்டுகின்றன. உண்ணாநின்றான் என்ற பழைய நிகழ்காலத்தில் நிற்றல் வெளிப்படையாகவே இருக்கிறது. "பத்து வருடமாக எழுதி வருகிறேன்" என்றால் செயல் பின்னாலிருந்து இப்போதுவரை நம்மை நோக்கி நடந்து வருகிறது. "வீடு பூட்டிக் கிடக்கிறது" என்பதில் கவனிப்பார் இல்லாத நெடுநாள் தெரிகிறது. "பூட்டியிருக்கிறது" என்பதில் அது தெரியாது. காலையில் கதவைத் திறந்து ஈர மண்ணைப் பார்த்தவர், "ராத்திரி மழை பெய்திருக்கிறது" என்கிறார். மழையை அவர் பார்க்கவில்லை. அதன் தடம் இப்போது கண்முன் இருக்கிறது, அதனால்தான் இருக்கிறது என்ற நிகழ்காலம். பெய்தது என்று சொல்ல, மழைச் சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும், அல்லது யாரேனும் சொல்லியிருக்க வேண்டும். இவ்வளவு நுட்பமான வேறுபாட்டை ஒரு குழந்தை பள்ளிக்குப் போவதற்கு முன்பே பிழையின்றிக் கையாள்கிறது. ஆனால் நம் பாடநூல் துணைவினைகளுக்குச் சில பக்கங்களை ஒதுக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறது என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

இரவு ரயிலில் ஏறிய மகளைப் பற்றி மறுநாள் காலை வீட்டில், "இந்நேரம் ஊர் போய்ச் சேர்ந்திருப்பாள்" என்கிறார்கள். சேர்ந்து என்ற எச்சம் இறந்தகாலம். இரு என்பது அந்தச் சேர்தலின் விளைவு இப்போதும் நிலைத்திருப்பதைக் காட்டுகிறது. ப் என்பது எதிர்காலம், ஆனால் இங்கே அது வரப்போகும் எதையும் சொல்லாமல், சொல்பவருடைய ஊகத்தையும் நம்பிக்கையையும் மட்டுமே சொல்கிறது. தொலைபேசி வந்த பிறகு அதே வாக்கியம் "சேர்ந்துவிட்டாள்" என்று மாறுகிறது. இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் ரயில் நேரத்தில் எந்த மாற்றமும் இல்லை. மாறியது, வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்த செய்தி மட்டும்தான்.