பார்வோனின் இருதயத்தைக் கடினப்படுத்தியது யார்?

யாத்திராகமம் 4-ஆம் அதிகாரத்தில், இஸ்ரவேலரை விடுவிக்க மோசே எகிப்தைச் சென்று சேர்வதற்கு முன்பே, அவர்களைப் போகவிடாதபடி எகிப்தின் மன்னன் பார்வோனின் இருதயத்தைத் தாம் கடினப்படுத்தப்போவதாகக் கர்த்தர் சொல்லிவிடுகிறார். அப்படியானால் பார்வோன் செய்த குற்றம் என்ன என்ற கேள்வி, வேதத்தைக் கருத்தூன்றி வாசிக்கும் எவருக்கும் எழத்தான் செய்யும். ரோமர் 9-ஆம் அதிகாரத்தில் இதே பார்வோனைக் குறிப்பிடும் பவுல், தேவசித்தத்தை எதிர்த்து நிற்க யாராலும் முடியாது என்றால் மனிதன்மேல் குற்றம் சுமத்துவது எப்படி என்று வாசகர்கள் கேட்பார்கள் என்பதை எதிர்பார்த்தே எழுதுகிறார். எனவே இப்படிக் கேட்கிற இளைஞர்களை அவிசுவாசிகள் என்று வாயடைப்பது பெரும் தவறு.

இதற்குச் சபைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் விடை ஒன்று உண்டு. கர்த்தர் எகிப்தின்மேல் அனுப்பிய வாதைகளில் (தண்டனையான பேரழிவுகளில்) ஒன்றான தவளைகள் ஒழிந்து சற்று ஆறுதல் கிடைத்ததும் பார்வோன் தானே தன் இருதயத்தைக் கடினப்படுத்திக்கொண்டான். வண்டுகள் நீங்கியபோதும் அப்படியே செய்தான். கர்த்தர் கடினப்படுத்தினார் என்று வாதைகளின் வரலாறு முதன்முதலாகச் சொல்வது ஆறாவது வாதையாகிய கொப்புளங்களின்போதுதான். ஆகையால் அவன் தெரிந்துகொண்ட வழியிலேயே தேவன் அவனை விட்டுவிட்டார் என்பதே அந்த விடை. இதில் உண்மை இருக்கிறது, ஆனால் இது முழு விடை அல்ல. கல்மழை நின்ற பிறகு பார்வோனும் அவன் ஊழியக்காரரும் பின்னும் பாவம்செய்து தங்கள் இருதயத்தைக் கடினப்படுத்தினார்கள் என்று 9-ஆம் அதிகாரத்தின் முடிவு சொல்கிறது. அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்திலோ, அவன் இருதயத்தையும் அவன் ஊழியக்காரரின் இருதயத்தையும் கடினப்படுத்தியவர் தாமே என்று கர்த்தர் சொல்கிறார். ஒரே செயலை முதலில் மனிதனின் பாவமாகவும், உடனேயே தேவனின் செயலாகவும் சொல்லிவிட்டு, இரண்டையும் இணக்கப்படுத்த ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல் வேதம் மேலே செல்கிறது. முதலில் செயல்பட்டது யார் என்று கணக்குப் பார்த்து இந்தச் சிக்கலை அவிழ்த்துவிட முடியாது என்றே நான் நம்புகிறேன்.

அப்படியானால் தீமை தேவனிடமிருந்தே வந்ததா? ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் மானிகேயர் என்ற சமயக் குழுவினரோடு இருந்து, தீமையும் ஒளிக்கு எதிரான ஒரு ஆதி சக்தியே என்ற அவர்கள் போதனையைக் கேட்டுப் பழகிய, பழங்காலத் திருச்சபையின் இறையியலாளரான அகஸ்டின், பின்னர் அதை முற்றிலும் மறுத்தார். தீமை படைக்கப்பட்ட ஒரு பொருள் அல்ல, நன்மை குறைபடுவதே தீமை, சித்தம் உயர்ந்த நன்மையை விட்டுத் தாழ்ந்ததை நோக்கித் திரும்புவதே அதன் தொடக்கம் என்றார். நல்லதாகப் படைக்கப்பட்ட சித்தம் ஏன் திரும்பியது என்று மேலும் கேட்டால், அதற்குக் காரணம் தேடுவது இருளைக் கண்ணால் காணவும் மௌனத்தைக் காதால் கேட்கவும் முயல்வது போன்றது என்று அவர் நிறுத்திக்கொண்டார். ஆதியாகமம் 3-ஆம் அதிகாரமும் சர்ப்பத்தின் வஞ்சகம் எங்கிருந்து வந்தது என்று விளக்குவதில்லை. டச்சு இறையியலாளர் ஆர்மீனியஸின் சீடர்களை விசாரிக்க 1618-இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய சங்கம், இரட்சிப்புக்கென்று தேவன் மனிதரைத் தெரிந்துகொள்ளுதலைப் பற்றி அவர்களோடு கடுமையாக முரண்பட்டது. ஆனாலும் பாவத்துக்குத் தேவன் காரணர் அல்ல என்பதை இரு தரப்பாரும் மறுக்கவில்லை.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் மகன், குடித்துவிட்டு லாரி ஓட்டிய ஒருவரால் இறந்துபோனான். ஆறுதல் ஜெபத்துக்கு வந்த பலர் 'தேவசித்தம்' என்று சொன்னார்கள். சிலர் அதற்கும் மேலே போய், எல்லாம் கர்த்தர் அனுமதித்ததுதானே, வழக்கை விட்டுவிடுங்கள் என்றார்கள். பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு இப்படிப் பேசவில்லை. தேவன் முன்னமே நிர்ணயித்த ஆலோசனையின்படி இயேசு ஒப்புக்கொடுக்கப்பட்டார் என்று சொன்ன அதே வாக்கியத்தில், நீங்கள் அவரைக் கொலைசெய்தீர்கள் என்றும் அவர் கூட்டத்தாரின் முகத்துக்கு நேரே சொன்னார். தேவனின் ஆலோசனை அவர்களுடைய குற்றத்தில் எள்ளளவையும் குறைக்கவில்லை. அந்தத் தாய் மகனுக்காக அழுவதும், தகப்பன் ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீதிமன்றத்துக்குப் போய் நிற்பதும் விசுவாசக் குறைவு அல்ல. அடுத்த வாய்தாவுக்குச் சபையாரில் சிலராவது அவரோடு போக வேண்டும் என்று எங்கள் போதகரிடம் கேட்டிருக்கிறேன்.