கையில் பாஸ், பஸ்ஸில் இடமில்லை

ஜனவரிப் பனியில் ஜப்பானை ரயிலிலேயே சுற்றிவிடலாம் என்று கிளம்பி, கடைசியில் ஒரு பஸ்ஸுக்காகப் பட்ட பாடு இது.

முதல் தவறு 7 நாள் ஜே.ஆர். பாஸ், அதாவது ஜப்பான் ரயில்வே குழும ரயில்களில் செல்லும் பயணச்சீட்டு. 29,650 யென்னாக இருந்தது 2023 அக்டோபரில் 50,000 ஆகிவிட்டது. பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு லாபம் என்று வாங்கினேன். டோக்கியோ-கியோட்டோ போய்வரத் தனி டிக்கெட்டே 30,000 யென்னைத் தாண்டாது, முதலில் கூட்டிப் பாருங்கள்.

நகானோவில் இறங்கியதும் அடுத்த அடி. குரங்குகளைப் பார்க்க யூதனகா போகும் ரயில் தனியாருடையது, பாஸ் செல்லாது. அங்கிருந்து இன்னொரு பஸ், அப்புறம் 1.6 கி.மீ. உறைபனி நடை. சாதாரண ஷூவில் போய் இரண்டு முறை விழுந்தேன். குரங்குகளோ வெந்நீரில் கண்ணை மூடி, ஓய்வுபெற்ற தாத்தாக்கள் மாதிரி உட்கார்ந்திருந்தன.

கனசவாவில்தான் சரியான அடி. ஷிரகவாகோ என்ற மலைக் கிராமத்துக்கு ரயிலே கிடையாது, பஸ்தான், அதுவும் முன்பதிவு செய்தால்தான். அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று அசட்டையாக இருந்துவிட்டேன். கவுன்ட்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தார், இரண்டு கைகளையும் பெருக்கல் குறிபோலக் குறுக்கே வைத்துக் காட்டினார். நாளை? மறுபடி பெருக்கல் குறி. வேறு வழி உண்டா என்றதற்குச் சிரித்துக்கொண்டே தலைகுனிந்து வணங்கினார், அவ்வளவுதான்.

ராத்திரி ஓட்டல் அறையில் ரயில் வரைபடத்தை விரித்து உட்கார்ந்தபோது வழி கிடைத்தது. ஷிங்கான்சென் என்ற அதிவேக ரயிலில் தோயாமா, அங்கிருந்து ஹிதா எக்ஸ்பிரஸில் தகயாமா. இரண்டுக்கும் பாஸ் செல்லும்! ஹிதா ஒரு நாளைக்குச் சிலதான் ஓடுகிறது, தவறவிட்டால் கதை முடிந்தது. ஆனால் ஆற்றோரமாகப் பனிப் பள்ளத்தாக்கில் அது வளைந்து வளைந்து போன அந்த ஒன்றரை மணி நேரம், முதல் பஸ்ஸிலேயே இடம் கிடைத்திருந்தால் எனக்கு வாய்த்திருக்காது.

தகயாமாவிலிருந்து ஷிரகவாகோவுக்கு முன்பதிவில்லாத பஸ்ஸும் இருந்தது. விடிகாலையிலேயே வரிசையில் நின்று ஏறிவிட்டேன். ஐம்பது நிமிடத்தில் கிராமம். கைகூப்பியது போன்ற கூரைகளிலிருந்து பனி தொப்பென்று சரிந்து விழுகிறது, பக்கத்தில் நிற்காதீர்கள்.

இறங்கியதும் படம் எடுக்க ஓடாமல் திரும்பும் பஸ்ஸின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கிராமத்து வீடுகளை மாலையில் விளக்கொளியில் காட்டும் நாட்களில் போவதென்றால் அதற்கும் தனியாக முன்பதிவு வேண்டும், போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.