நாடி எழுதும் கட்டம்

குனிந்தால் மட்டும் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்று அந்த அம்மா சொன்னதை நான் கேட்கவில்லை. கேட்டது என் யூனிட்டில் இருந்த முதலாண்டு பி.ஜி. மாணவி.

அவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அடிவயிற்று வலிக்கு எடுத்த ஸ்கேனில், பெருந்தமனி இரண்டாகப் பிரியும் இடத்தை ஒட்டி ஆறு சென்டிமீட்டரில் ஒரு கட்டி தெரிந்தது. ‘நெறிக்கட்டியாக இருக்கலாம்’ என்று ரிப்போர்ட். நம் ஊரில் வயிற்றில் நெறி கட்டினால் முதலில் காசநோயைத்தான் நினைப்போம், அப்புறம் லிம்போமா என்ற புற்றுநோய். அதனால் ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்க்க வியாழக்கிழமை நாள் குறித்துவிட்டேன்.

புதன்கிழமை ரவுண்ட்ஸில் அந்த மாணவி கேஸ் ஷீட்டைக் காட்டினார். ‘நாலு வருஷமாகத் தலைவலி, வியர்வை. கோலம் போடக் குனிந்தால் படபடப்பு’ என்று எழுதியிருந்தது. அந்த நாலு வருஷமும் பதற்றத்துக்கான மாத்திரைதான் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் மந்திரித்துக் கயிறும் கட்டியிருந்தார்கள், மணிக்கட்டில் நிறம் போய்க் கிடந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டிலுக்கு அடியில் போன செருப்பை எடுக்க அவர் குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்து, மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை. மாணவி உடனே பி.பி. பார்த்தார். 216. காலையில் அதே கையில் 138 இருந்தது.

1901-ல் வியன்னாவின் உடற்கூறு அறிஞர் எமில் ஸுக்கர்காண்டல், பெருந்தமனி பிரியும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திசுவைப் பற்றி எழுதினார். கருவில் இருக்கும் குழந்தைக்கு அட்ரினலின் வகைச் சுரப்புகளைத் தருவது அது. பிறந்த பிறகு மெல்லச் சுருங்கிவிடும். அபூர்வமாகச் சிலருக்கு அங்கே பாராகாங்லியோமா என்ற கட்டி வளரும். பயந்தாலோ ஓடினாலோ உடம்பில் ஏறும் அதே சுரப்பை அது காரணமில்லாமல் கொட்டும். குனியும்போது வயிறு அழுந்துகிறது, கட்டியும் அழுந்துகிறது. அவருக்கு வந்தது பதற்றம் இல்லை. இந்தக் கட்டியில் தெரியாமல் ஊசியைக் குத்தினால் பி.பி. கட்டுக்கடங்காமல் ஏறி உயிரே போகலாம். வியாழக்கிழமை நான் செய்யவிருந்தது அதைத்தான்.

ஊசியை ரத்து செய்தோம். 24 மணி நேரச் சிறுநீரில், அட்ரினலின் சிதைந்து உண்டாகும் மெட்டநெஃப்ரின் அளவு பார்த்ததில் பல மடங்கு கூடுதல். உடனே கத்தியை எடுத்துவிட முடியாது. முதலில் பிரசோசின் போன்ற ஆல்ஃபா மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, இறுகிக் கிடக்கும் ரத்தக்குழாய்களைத் தளர்த்த வேண்டும். கூடவே உப்பும் நீரும் தாராளமாகக் கொடுக்க வேண்டும். படபடப்பை அடக்கும் பீட்டா மருந்து அதற்குப் பிறகுதான். வரிசையை மாற்றிக் கொடுத்தால் குழாய்கள் இன்னும் இறுகி பி.பி. எகிறும். இரண்டு வாரம் வார்டில் வைத்திருந்தோம். வீட்டுக்குப் போகிறேன் என்று தினமும் கேட்டார். மாணவிதான் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பேசி நிறுத்திவைத்தார்.

தியேட்டரில் கட்டியின் மேல் விரல் பட்டதும் மானிட்டரில் எண் ஓட ஆரம்பித்தது. 180, 210, 230. “கையை எடுங்க சார்” என்றார் மயக்க மருந்து டாக்டர். எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். எண் இறங்கியதும் மறுபடி கொஞ்சம். இப்படி எத்தனை முறை நிறுத்தினோம் என்று கணக்கில்லை. கட்டியிலிருந்து வரும் கடைசி ரத்தக்குழாயைக் கட்டியதும் எல்லாம் தலைகீழ். பி.பி. 70-க்கு விழுந்தது. அதற்கு மயக்க மருந்து டாக்டர் தயாராக இருந்தார், பி.பி.யை ஏற்றும் நார்அட்ரினலின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆபரேஷனில் பாதிக்கு மேல் அவர் செய்தது. அன்று ராத்திரி முழுவதும் சர்க்கரை குறையாமலும் பார்த்துக்கொண்டார்கள்.

எட்டாம் நாள் அந்த அம்மா வீட்டுக்குப் போனார். இந்த வகைக் கட்டியில் பத்தில் மூன்று, நான்கு பேருக்காவது பரம்பரைக் காரணம் இருக்கும், அதனால் பிள்ளைகளையும் அழைத்து வரச் சொன்னோம். வருஷா வருஷம் வருகிறார்.

அந்தக் கேஸில் நான் காதைத் தீட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

அடுத்த வருஷம் ஒரு லாரி டிரைவர் வந்தார். மலம் கருப்பாகப் போகிறது, ஹீமோகுளோபின் 6. எண்டோஸ்கோப்பியில் இரைப்பையில் ஒன்றும் இல்லை. சி.டி. எடுத்ததில் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் தேங்காய் அளவுக்கு ஒரு கட்டி. ஜிஸ்ட் என்று சொல்வோம், குடல் சுவரில் வளர்வது. ரத்தம் ஏற்றிவிட்டு, கட்டியோடு குடலை வெட்டியெடுத்து இரண்டு முனைகளையும் இணைத்தேன். சுத்தமான ஆபரேஷன், இணைப்பும் நன்றாக வந்திருந்தது. தியேட்டரை விட்டு வரும்போது எனக்கு நிறைவாகவே இருந்தது.

நாலாம் நாள் நாடி 116. காய்ச்சல் இல்லை, வயிறு மெத்தென்று இருந்தது, வயிற்றிலிருந்து நீரை வெளியேற்ற வைத்த டிரெயின் குழாயில் கொஞ்சம் தெளிந்த நீர்தான். வலியாக இருக்கும், ஊசி போடுங்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். ராத்திரி டியூட்டி சிஸ்டர் போன் செய்தார். “சார், ஊசி போட்டு ஒரு மணி நேரம் ஆச்சு. நல்லாத் தூங்குறார். தூங்கும்போதும் நாடி குறையல.” ஒரு பாட்டில் டிரிப்ஸ் போட்டுப் பாருங்கள், காலையில் வருகிறேன் என்றேன்.

வலியில் துடிக்கும் நாடி தூக்கத்தில் தணியும். தணியவில்லை என்றால் காரணம் உள்ளே இருக்கிறது. குடல் இணைப்பில் கசிவு ஏற்பட்டால் காய்ச்சலுக்கும் வயிற்று இறுக்கத்துக்கும் முன்னால், பல சமயம் ஒரு நாள் முன்னாலேயே, நாடி ஏறும். இதை நான் பல வருஷமாகப் பாடமாக நடத்துகிறேன். என் கையால் போட்ட தையல் என்றதும் அந்தப் பாடம் எனக்கே நினைவுக்கு வரவில்லை.

காலையில் டிரெயினில் பச்சையும் மஞ்சளுமாகக் குடல் நீர். மூச்சு வாங்கியது, கை ஜில்லென்று இருந்தது. திறந்து பார்த்தால் இணைப்பின் பின்பக்கம் விரல் நுனி அளவுக்கு ஓட்டை. கழுவிவிட்டு, இரண்டு முனைகளையும் வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து வைத்தேன். ஐ.சி.யூ.வில் பதினொரு நாள். அவருடைய மனைவியிடம் போய், “நேத்து ராத்திரியே நான் வந்து பார்த்திருக்கணும்மா, தப்பு என் பேர்ல” என்றேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். “இப்ப என்ன செய்யணும்னு சொல்லுங்க சார்” என்று மட்டும் கேட்டார். வெளியே வைத்த குடல் முனையில் ஒட்டும் பையைக் கழற்றி மாட்ட மூன்றாம் நாளே கற்றுக்கொண்டார்.

டிரைவர் பிழைத்தார். மூன்று மாதம் கழித்துக் குடலை உள்ளே வைத்து மூடினோம். ஒரு காலத்தில் ஜிஸ்ட் கட்டிகளைத் தசைக்கட்டி என்று நினைத்து, அவ்வளவாகக் கேட்காத கீமோ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1998-ல் ஜப்பானில் ஹிரோட்டாவும் உடன் இருந்தவர்களும் கிட் என்ற மரபணுவில் உள்ள மாற்றம்தான் காரணம் என்று கண்டுபிடித்த பிறகு கதை மாறியது. அந்த மாற்றத்தைத் தடுக்கும் இமாட்டினிப் மாத்திரையை, திரும்ப வரும் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்குத் தினம் 400 மில்லிகிராம் என்று மூன்று வருஷம் கொடுக்கிறோம். 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நோவார்ட்டிஸின் காப்புரிமை மனுவைத் தள்ளுபடி செய்ததால், நம் நாட்டுக் கம்பெனிகள் குறைந்த விலையில் அதைத் தொடர்ந்து தயாரிக்க முடிகிறது. அந்த டிரைவர் ஒவ்வொரு மாதமும் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து எண்ணிக் காட்டுவார்.

மாதாந்திரக் கூட்டத்தில் இந்தக் கேஸை நானே வைத்தேன். ஸ்கேன் படங்களை ஓரமாக வைத்துவிட்டு, நாடி எழுதிய கட்டத்தை மட்டும் திரையில் பெரிதாகக் காட்டினேன்: 92, 104, 116, 124. அந்த சிஸ்டரையும் கூப்பிட்டிருந்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர், எல்லோரும் பேசி முடித்த பிறகு எழுந்தார்.

“நான் அன்னைக்கு ராத்திரி இன்னொரு தடவை போன் பண்ணியிருக்கணும் சார்” என்றார்.

கேஸ் ஷீட் என் கையில்தான் இருந்தது. அவர் பண்ணியிருந்தார். 11.15-க்கு ஒரு தடவை, 1.40-க்கு ஒரு தடவை. இரண்டாவதற்குப் பக்கத்தில் ‘டாக்டர் போனை எடுக்கவில்லை’ என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. அதை அங்கே வாசித்தேன்.