கேள்வியில் மந்தம்: வளராத விசுவாசத்தை எங்கே பார்க்கலாம்

இரட்சிக்கப்பட்டு இருபது வருடம் ஆனவரை மூத்த விசுவாசி என்கிறோம். வருடம் தானாகக் கூடும். முதிர்ச்சி அப்படிக் கூடுவதில்லை. எபிரெயருக்கு எழுதின நிருபம் இதை ஒளிக்காமல் சொல்கிறது. காலத்தைப் பார்த்தால் போதகராயிருக்க வேண்டியவர்களுக்கு மூல உபதேசத்தையே மறுபடியும் கற்றுத்தர வேண்டியிருக்கிறது (5:12). காரணம் முந்தின வசனத்தில் இருக்கிறது: அவர்கள் "கேள்வியில் மந்தமுள்ளவர்களானபடியால்". இத்தனைக்கும் இவர்கள் ஒரு காலத்தில் தங்கள் ஆஸ்திகள் கொள்ளையிடப்பட்டதையே சந்தோஷமாய்ச் சகித்தவர்கள் (10:34). உபத்திரவத்தில் நின்றவர்கள் பிற்பாடு கேட்பதில் மந்தமானார்கள். ஒரு தடவை வளர்ந்துவிட்டால் போதும், பிறகு அப்படியே நிற்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல எச்சரிக்கை.

அந்த மூல உபதேசம் எது என்பதற்கு 6:1-2 ஆறு விஷயங்களைச் சொல்கிறது: மனந்திரும்புதல், விசுவாசம், ஸ்நானங்கள், கைகளை வைத்தல், உயிர்த்தெழுதல், நித்திய நியாயத்தீர்ப்பு. கடைசி இரண்டையும் கவனியுங்கள். கடைசிக்கால நிகழ்ச்சிகளை வரிசை பிசகாமல் ஒப்பிப்பவரை ஆழமானவர் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நிருபத்தை எழுதினவரோ நியாயத்தீர்ப்பு உபதேசத்தையே அஸ்திபாரக் கணக்கில்தான் வைக்கிறார். பலமான ஆகாரம், அதாவது ஆழமான உபதேசம், யாருக்குத் தகும் என்பதற்கு அவர் தரும் அடையாளம் வேறு: பயிற்சியினால் நன்மை தீமையைப் பகுத்தறியப் பழகினவர்களுக்கு (5:14). அதாவது, நேற்று நடந்த ஒரு வாக்குவாதத்தில் எது சரி, எது என் வீம்பு என்று பிரித்துப் பார்க்கத் தெரிவது.

ஆவிக்குரிய வரங்களும் முதிர்ச்சிக்கு அளவுகோல் ஆகாது. கொரிந்துவில் பவுல் ஒரு வருடமும் ஆறு மாதமும் தங்கிப் போதித்தார் (அப். 18:11). அந்தச் சபை ஒரு வரத்திலும் குறைவில்லாதது என்று அவரே சான்று தருகிறார் (1 கொரி. 1:7). இரண்டே அதிகாரம் தாண்டி, அதே ஆட்களைக் கிறிஸ்துவுக்குள் குழந்தைகள் என்கிறார். அதற்கு அவர் காட்டும் ஆதாரம் பொறாமை, வாக்குவாதம், பேதகங்கள். சகோதரன்மேல் சகோதரன் வழக்குக்குப் போகிறான். கர்த்தருடைய பந்தியில் ஒருவன் பசியாயிருக்க, இன்னொருவன் குடித்து வெறித்திருக்கிறான். அந்நிய பாஷையும் தீர்க்கதரிசனமும் அங்கே நின்றுபோகவில்லை. அவை ஒரு பக்கம் நடந்துகொண்டுதான் இருந்தன.

புதிதாக வந்தவர் முதிராமல் இருப்பது குற்றமல்ல. அவர் திருவசனமாகிய ஞானப்பாலின்மேல் வாஞ்சையாயிருக்க வேண்டும் என்றுதான் பேதுரு எழுதுகிறார் (1 பேதுரு 2:2). அவரைத் தூக்கி மேடையில் வைப்பதுதான் தப்பு. கண்காணிப்புப் பொறுப்புக்கு நூதன சீஷன் கூடாது என்றும், அவன் இறுமாப்படைந்து விழுவான் என்றும் காரணத்தோடு எழுதியிருக்கிறது (1 தீமோ. 3:6). சாட்சி உருக்கமாக இருக்கிறது என்பதற்காக ஆறு மாத விசுவாசிக்கு வாலிபர் கூட்டத்தை ஒப்படைக்கிற சபைகள், அவர் விழுந்த பிறகு அவரைத்தான் குறை சொல்கின்றன.

சரி, பயிற்சி எங்கே தொடங்குகிறது? வேதத்தை வாசிக்கும் விதத்தில். எரேமியா 29:11 பலருக்கு மனப்பாடம். தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள். வேலை, கல்யாணம், வீடு எல்லாவற்றுக்கும் இந்த ஒரே வசனம்தான். ஆனால் இது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதின கடிதத்தில் வருகிறது. மேலே பத்தாம் வசனத்தைப் பார்த்தால், இது எழுபது வருடம் முடிந்த பிறகு நிறைவேறும் வார்த்தை. கடிதத்தைக் கையில் வாங்கின பெரியவர்களில் பலர் அந்த நாளைப் பார்த்திருக்கவே முடியாது. ஐந்தாம் வசனம் பாபிலோனிலேயே வீடு கட்டி, தோட்டம் போட்டுக் குடியிருக்கச் சொல்கிறது. ஏழாம் வசனம் சிறைப்பிடித்துப் போன ஊரின் சமாதானத்துக்காக ஜெபிக்கச் சொல்கிறது. முந்தின அதிகாரத்திலோ அனனியா என்கிறவன் நின்று, இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று கர்த்தரின் பெயரால் சொல்கிறான். அவன் சொன்னது பொய். வளராத விசுவாசம் எரேமியாவின் வசனத்தை வைத்துக்கொண்டு அனனியாவின் கால அட்டவணையை எதிர்பார்க்கும். இரண்டு வருடம் கழிந்ததும் தேவன் கைவிட்டார் என்று சோர்ந்துபோகும்.

இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு. வசனத்தைத் தனியாக எடுக்காமல் அதிகாரம் அதிகாரமாக வாசியுங்கள். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் சரியாக 52 வாரம். மிச்ச இரண்டு நாள் விட்டதைப் பிடிக்க. இது பரப்பு. ஆழத்துக்கு ஒரு சிறு நிருபத்தை எடுத்து, ஒரு மாதம் முழுக்க, ஒவ்வொரு தடவையும் ஒரே அமர்வில், திரும்பத் திரும்ப வாசிக்கலாம். பிலிப்பியருக்கு நாலே அதிகாரம். சத்தமாக வாசித்தால் சுமார் 15 நிமிடம். முதல் வாரம் சலிப்புத் தட்டும். இரண்டாம் வாரத்துக்கு மேல், நாலாம் அதிகாரத்தில் ஏகசிந்தையாயிருக்கும்படி பெயர் சொல்லி அழைக்கப்படும் எயோதியாளும் சிந்திகேயாளும் யார் என்று கவனிப்பீர்கள். இரண்டாம் அதிகாரத்தின் தாழ்மை வெறும் தத்துவமாக இல்லாமல், மனத்தாங்கலில் இருந்த அந்த இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதப்பட்டது என்று அப்போது படும்.

வாசித்து முடித்ததும் ஒரு வரி எழுதுங்கள். "இன்னும் அன்பாக இருக்க வேண்டும்" என்று எழுதினால் அன்று மதியமே மறந்துவிடும். யாரிடம், எப்போது, என்ன என்று மூன்றும் அந்த வரியில் இருக்க வேண்டும். "இன்று சாயங்காலம் அண்ணனுக்கு போன் செய்து, நான் சொன்ன பொய்யைச் சரிசெய்வேன்" என்பது கீழ்ப்படியக்கூடிய வரி. ஒன்றுக்குக் கீழ்ப்படியாமல் அடுத்த வெளிச்சத்தைத் தேடிக்கொண்டே போவதால்தான் காது மந்தமாகிறது.

முதிர்ச்சி உண்மையில் வெளிப்படுவது யாராவது நம்மைத் திருத்தும்போது. வலி எல்லாருக்கும் ஒன்றுதான். அதற்குப் பிறகு மனம் எந்த வரிசையில் போகிறது என்பதில்தான் வித்தியாசம். முதிராதவர் முதலில் சொன்னவரின் யோக்கியதையை எடைபோடுவார். பிறகு சொன்ன தொனி, சொன்ன இடம். சொன்ன விஷயம் உண்மையா என்பது கடைசியில் வரும். பெரும்பாலும் வரவே வராது. அதற்குள் வேறு சபை தேடத் தொடங்கியிருப்பார். முதிர்ந்தவர் விஷயத்தை முதலில் எடுத்துப் பார்ப்பார். பத்தில் ஒரு பங்குதான் உண்மை என்றாலும் அந்த ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்.

மன்னிப்புக் கேட்பதிலும் அப்படியே. "நான் பேசினது உங்களைப் புண்படுத்தியிருந்தா மன்னிச்சிடுங்க" என்பதில் தப்பு செய்தவர் யார் என்றே தெரியாது. "நேத்து எல்லார் முன்னாடியும் உங்களைக் கேலி பண்ணினேன். அது தப்பு. மன்னிச்சிடுங்க." இவ்வளவு போதும். அதோடு "ஆனா நீங்களும்" என்று சேர்த்தால் கேட்டது வீண். கேலி பலர் முன் நடந்திருந்தால் மன்னிப்பும் அவர்கள் காதில் விழ வேண்டும்.

நமக்குக் குற்றம் செய்தவர் விஷயத்தில் மத்தேயு 18:15-17 வரிசை தருகிறது: முதலில் தனியாக, பிறகு ஒன்றிரண்டு பேரோடு, அதன்பின் சபைக்கு. நடைமுறையில் அது தலைகீழாக, ஜெபக் குறிப்பு என்ற பெயரில் முதலில் நாலு பேருக்குப் போய்ச் சேருகிறது. சம்பந்தப்பட்டவருக்குக் கடைசியில்தான் தெரியவரும். பெயர் சொல்லாத ஜெபக் குறிப்பும் சில சமயம் பெயர் சொன்னதைவிட மோசம்.

ஜெபத்தைச் சோதிக்க கர்த்தருடைய ஜெபமே போதும். நாமம், ராஜ்யம், சித்தம் ஆகிய மூன்றுக்கும் பிறகுதான் ஆகாரம் வருகிறது. நம் ஜெபத்தை ஒரு வாரம் கவனித்தால், எத்தனையாவது வாக்கியத்தில் நம் தேவை வருகிறது என்று தெரியும். தேவையைக் கேட்பதில் தப்பில்லை, கேட்கத்தான் சொல்லியிருக்கிறது. அது மட்டுமே இருந்தால்தான் சிக்கல்.

உணர்ச்சி வறண்ட நாட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆராதனையில் கண்ணீர் வரவில்லை என்றதும் பாவம் செய்துவிட்டோமோ என்று பயப்படுகிறவர்கள் சங்கீதம் 88-ஐ வாசிக்க வேண்டும். ஆறுதலான வரி ஒன்றுகூட இல்லாமலே அது முடிகிறது. ஆனாலும் அதை எழுதினவர் இரவும் பகலும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

வளர்ந்திருக்கிறோமா என்பதை நாமே தீர்மானிப்பது கடினம். சபையில் நம்மைப் புகழ்கிறவர்களிடம் கேட்டும் பயனில்லை. வீட்டில் கூட இருப்பவரிடமோ, கூட வேலை செய்பவரிடமோ மூன்று கேள்வி கேட்கலாம்: போன வருடத்தைவிட என் கோபம் சீக்கிரம் அடங்குகிறதா? உங்களால் என்னிடம் பயப்படாமல் குறை சொல்ல முடிகிறதா? நான் அடிக்கடி யாரைப் பற்றிக் குறை பேசுகிறேன்? பதில் வரும்போது குறுக்கே பேசாதீர்கள், விளக்கமும் கொடுக்காதீர்கள். கேட்டதை எழுதி வைத்துக்கொண்டு, ஒரு நாளாவது கழித்துப் பதில் சொல்லுங்கள்.