கம்பெனி பதிலா, உங்க பதிலா?

"பதில் சரிதான். ஆனா அது கம்பெனி பதிலா, உங்க பதிலா?" என்று தலைமை அலுவலகத்து மேடம் போனில் கேட்டார். "ரெண்டும்தான் மேடம்" என்றேன். அப்போது நல்ல பதிலாகத்தான் தோன்றியது. இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

எங்கள் ஹோட்டல் குழுமம் பெரியது, கொடைக்கானலில் இருப்பது ஒரு கிளை. 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம் என்று உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, ரூம் கேட்டு போன் செய்தவர்களைவிட பாஸ் எப்படி எடுப்பது என்று கேட்டவர்கள்தான் அதிகம். தலைமை அலுவலகத்துக்குக் கவலை. ஏற்கனவே தங்கிப்போனவர்களுக்கு மாதம் ஒரு மெயில் அனுப்பலாம், விளம்பரம் மாதிரி இருக்கக் கூடாது, மலையில் இருக்கிற ஒரு ஆள் எழுதுகிற மாதிரி இருக்கணும் என்று முடிவு செய்தார்கள். ரிசப்ஷனில் இருக்கிற எனக்குக் கொஞ்சம் எழுத வரும், அதனால் என் தலையில் விழுந்தது. "மனசுல பட்டதை எழுதுங்க, கடைசியில உங்க பேரைப் போடுங்க" என்றார்கள். பேரிக்காய் சீசன், பூம்பாறைப் பூண்டு, மத்தியானம் திடீரென்று இறங்குகிற மேகம் என்று எழுதினேன். ஜனங்கள் பதில் போட்டார்கள்! எந்தச் சலுகை அறிவிப்புக்கும் வராத பதில்கள். அந்த டீக்கடை இன்னும் இருக்கா, நாயை அழைத்து வரலாமா, இப்படி.

ஜூலை மெயிலில் நான் எழுதியதற்கு மேலே மார்க்கெட்டிங்கில் ஒரு படத்தைச் சேர்த்துவிட்டார்கள். மலைச்சரிவு முழுக்க நீலம், "குறிஞ்சி அழைக்கிறது" என்று வாசகம். மெயில் போன பிறகுதான் நானே பார்த்தேன். குறிஞ்சி 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, இனி 2030-ல்தான். ஏரிக்கரையில் சைக்கிள் வாடகைக்கு விடுகிறவரைக் கேட்டாலும் சொல்வார்.

மதுரையிலிருந்து ஒருவர் எழுதினார். தம்பி என்றுதான் ஆரம்பித்தார். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, போன இரண்டு முறையும் பார்க்க முடியாமல் போய்விட்டது, ஆகஸ்டில் அழைத்து வருகிறோம், ரூம் போட்டாச்சு, காரில் இருந்தபடியே தெரியுமா இல்லை நடக்கணுமா என்று கேட்டிருந்தார். நான் உடனே பதில் போட்டேன்: "ஐயா, அது பழைய படம். இந்த வருடம் பூக்காது, அடுத்தது 2030. அதற்காக மட்டும் என்றால் வர வேண்டாம். கேன்சல் செய்தால் முழுப் பணமும் திரும்ப வர நான் ஏற்பாடு செய்கிறேன்." அவர் கேன்சல் செய்தார். "நன்றி தம்பி. அம்மாகிட்ட இன்னும் சொல்லல" என்று ஒரு வரி வந்தது.

அதற்கு அடுத்து மேடத்தின் போன். அவர் கத்துகிற ஆள் இல்லை. அவர் சொன்னது இது: "படம் தப்புன்னா எங்ககிட்ட சொல்லியிருக்கணும். அத்தனை பேருக்குப் போன மெயில். நீங்க ஒருத்தருக்கு மட்டும் உண்மையைச் சொல்லி வச்சிருக்கீங்க. மத்தவங்க?" நியாயமான கேள்விதான், அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் படத்தைப் போட்டது யார்? அவரிடம் சொல்லியிருந்தால் அது சட்டப் பிரிவுக்குப் போய், அங்கிருந்து "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒரு வரியாகத் திரும்பி வருவதற்குள் அந்த அம்மா மலையேறி இறங்கியிருப்பார். அப்புறம், திருத்தம் என்று யாருக்கும் எந்த மெயிலும் போகவில்லை. வெப்சைட்டில் இருந்து படத்தை எடுத்தார்கள், அவ்வளவுதான்.

அந்த வேகத்தில் பாதரசத் தொழிற்சாலையையும் இழுத்தேன். கொடைக்கானல்காரன் யாருடன் வாக்குவாதம் செய்தாலும் கடைசியில் அங்கே போய்த்தான் நிற்பான். பாதரசக் கழிவு ஊரையும் தொழிலாளர்களையும் பாதித்தது என்ற புகாரில் இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை மூடியது 2001-ல். அதன் பிறகு கம்பெனி எத்தனையோ விளக்க அறிக்கைகள் வெளியிட்டது. ஊரில் யார் அதைப் படித்தார்கள்? 2015-ல் சென்னைப் பெண் ஒருவர் இதைப் பற்றிப் பாடிய ராப் வீடியோ பரவியதும், தாய் நிறுவனமான யூனிலீவரின் தலைமை அதிகாரி பால் போல்மனே ட்விட்டரில் வந்து பேச வேண்டியதாயிற்று. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு. "மனுஷன் மாதிரி பேசினாத்தான் மேடம் கேப்பாங்க" என்றேன். அவர் அமைதியாக, "அந்த வழக்கு 2006-லேர்ந்து ஹைகோர்ட்ல இருந்துச்சு. உடன்பாடு ட்விட்டர்லயா நடந்துச்சு?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தத் தொழிலாளர்கள் பதினைந்து வருடம் நடையாய் நடந்ததை நான் ஒரு மெயில் சண்டைக்கு உதாரணமாக எடுத்ததும் அவ்வளவு அழகாக இல்லை.

பெரிய கம்பெனிகள் வாடிக்கையாளர்களோடு பேச வேண்டும் என்று ட்ரெய்னிங்கில் சொல்கிறார்கள். சரி. பேச ஒரு ஆளை உட்கார வைத்தால் பதில் சொல்லும் அதிகாரத்தையும் அவனிடமே கொடுக்க வேண்டும், அது முடியாதென்றால் பழையபடி சலுகை அறிவிப்பையே அனுப்பலாம். இதுதான் என் கட்சி. ஆனால் அந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன்? எண்பது வயது தாண்டியவர் விஷயத்தில் 2030 என்று ஒரு வருடத்தை எழுதி அனுப்பினேன். குறிஞ்சி இனத்திலேயே வேறு வகைகள் வேறு கணக்கில் பூக்கும், பூக்காத வருடத்திலும் அங்கங்கே ஒரு திட்டு நீலம் தெரிவதுண்டு. "வாங்க ஐயா, எங்கேயாவது தேடிப் பார்ப்போம்" என்று ஒரு தம்பி சொல்லியிருப்பான். கம்பெனி அப்படிச் சொன்னால் பொய் வாக்குறுதி ஆகிவிடும். நான் எழுதிய பதிலில் கம்பெனியின் ஜாக்கிரதைதான் இருந்ததோ என்று சில நாள் தோன்றும். இல்லை, உண்மையைத்தானே சொன்னேன் என்று அடுத்த நாள் தோன்றும்.

இப்போது மெயில் நின்றுவிடவில்லை. நான் எழுதுகிறேன், பெயரும் என்னுடையதே. ஆனால் வருகிற பதில்கள் நேரே சென்னைக்குப் போகின்றன, அங்கே ஒரு டீம் என் பெயரிலேயே பதில் போடுகிறது. போன மாதம் செக்-இன் செய்ய வந்த ஒருவர் என் சட்டையில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு, "ஓ, நீங்கதானா! அவ்வளவு அக்கறையா பதில் போட்டிருந்தீங்க" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் போட்டதில்லை என்று சொல்லியிருக்கலாம். அவருக்குப் பின்னால் இரண்டு குடும்பங்கள் சாவிக்காக நின்றிருந்தன. "பரவாயில்லை சார்" என்று சொல்லி அவரிடம் ஆதார் கார்டைக் கேட்டேன்.