ஈரப்புல்லும் புது மூட்டையும்

ஜூன் 2, 2025

இந்த வருசம் மே 24-ஆம் தேதியே பருவமழை கேரளாவுக்குள் வந்துவிட்டது. 2009-க்கு அப்புறம் இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லையாம். எங்கள் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எப்போதும் மழையைவிடப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுதான் அதிகம். இந்தத் தடவை இரண்டும் சேர்ந்துகொண்டன. வேலிமசால் தீவனத் தழையை முதல் நாள் அறுத்துத் திண்ணையில் பரப்பி, வாடிய பிறகுதான் முயலுக்குப் போடுவேன். மூன்று நாளாகத் திண்ணையே நனைந்து கிடக்கிறது. இன்று ஈரத்தோடு போட்டுவிட்டேன்.

வழக்கமாக வாங்கும் குச்சித் தீவனம் கடையில் தீர்ந்துவிட்டது. வேறொரு மூட்டை எடுத்து வந்தேன். பொடி அதிகம், மாவு வாசம் தூக்கல். பால் மறந்து ஒரு வாரமான 19 குட்டிகளும் அரை மணி நேரத்தில் தட்டை நக்கி வைத்துவிட்டன. இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டேன்.

ஜூன் 6

காலையில் மூன்றாவது கூண்டில் ஒரு குட்டி மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தது. தூக்கினேன். காது சில்லென்று இருந்தது. வயிறு உப்பி, அசைத்தால் பாதி நிறைந்த குடம் மாதிரி சளக் சளக் என்றது. பல்லை நறநறவென்று கடித்தது. வலி தாங்காத முயல்தான் அப்படிக் கடிக்கும். கூண்டுக்கு அடியில் புழுக்கையே இல்லை, கஞ்சி ஆறினாற்போல் வழவழப்பாகக் கொஞ்சம் கிடந்தது. மதியத்துக்குள் போய்விட்டது.

ஜூன் 7

இரவில் இன்னும் மூன்று. ஒன்றை அட்டைப் பெட்டியில் வைத்து மிருகாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டாக்டரம்மா அறுத்துக் காட்டினார். ஈரல் சுத்தமாக இருந்தது. ஈரலைத் தாக்கும் ரத்தக்கழிச்சல் கிருமியாக இருந்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரியுமாம். குடலில்தான் கோளாறு. சிறுகுடல் முடிகிற இடத்தில் இருக்கும் பெரிய பை முழுக்கக் காற்றும் தண்ணீரும். "தீவனம் எப்ப மாத்தினீங்க சேச்சி?" இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

அந்தப் பை ஒரு தயிர்ப்பானை மாதிரி. அதில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்கள்தான் புல்லை நொதிக்கவைத்து முயலுக்குச் சத்தாக்கித் தருகின்றன. தீவனத்தை ஒரே நாளில் மாற்றினால், மாவு கூடி நார் குறைந்தால், பானை கெட்டுவிடும். குட்டியின் சிறுகுடலால் அவ்வளவு மாவையும் செரிக்க முடியாது. மிச்சம் பைக்குள் இறங்க, அங்கே கிளாஸ்ட்ரிடியம் என்ற கெட்ட நுண்ணுயிர் பெருகி விஷத்தைக் கக்குகிறது. முயலுக்கு வாந்தியும் வராது. உள்ளே போனது கெட்டால் மேலே தள்ள வழி கிடையாது.

எச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்ததில், ஈரலை விட்டுக் குடலைத் தாக்கும் ரத்தக்கழிச்சல் கிருமியின் முட்டைகளும் இருந்தன. அதற்குக் குடிதண்ணீரில் கலக்க மருந்து எழுதினார்.

ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை. பையனுக்கு வாங்கிய அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் சிரப் என் கைப்பையில் இருந்தது. மற்றக் குட்டிகளுக்கு இரண்டு சொட்டுக் கொடுக்கலாமா என்று கேட்டேன். டாக்டரம்மா பதறிப்போய்விட்டார். அதை வாய்வழி கொடுத்தால் பையில் மிச்சமிருக்கும் நல்ல உயிர்களும் செத்து, பிழைக்கிற குட்டியும் போய்விடுமாம். காலையிலேயே பாட்டிலைத் திறந்தும் வைத்திருந்தேன். இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது.

ஜூன் 8

குட்டிகளுக்குத் தீவனம் நிறுத்தம். ஏப்ரலில் காயவைத்துப் பரண்மேல் கட்டி வைத்திருந்த கொழுக்கட்டைப் புல்லை இறக்கினேன். வெறும் காய்ந்த புல், மருந்து கலந்த தண்ணீர், அவ்வளவுதான். கூண்டுக் கம்பிகளை அலசிக் காயவைத்துத் தீப்பிழம்பு காட்டினேன். அந்த முட்டைகள் பினாயிலுக்கெல்லாம் சாகாது. ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் இரண்டு மூன்று நாளில் தொற்றுக்குத் தயாராகிவிடும். நான் போட்ட சொட்டும் புல்லில் இரண்டுமே இருந்தன.

ஜூன் 11

விடியற்காலையில் அத்தை கூப்பிட்டார். "ஏங்கண்ணு, இது பின்னாடி வாயை வெச்சு என்னமோ திங்குது. சீக்கு வந்துருச்சா?"

"இல்லீங்க அத்தை, இதுதான் நல்ல சேதி" என்றேன். முயல் இரண்டு விதமாகப் போடும். பகலில் நாம் பார்ப்பது உருண்டையான காய்ந்த புழுக்கை. இன்னொன்று பையிலிருந்து வரும் மெத்தென்ற கருங்கொத்து, திராட்சைக் கொத்து மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அது கீழே விழுவதற்குள் நேராக வாயில் வாங்கி விழுங்கிவிடும். புரதமும் பி வைட்டமினும் அதில்தான். அப்படித் தின்னத் தொடங்கினால் பானை திரும்ப உறைகிறது என்று அர்த்தம். அத்தை டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

ஜூன் 16

19-ல் 12 மிச்சம். நான்கு நாளாகச் சாவு இல்லை. பழைய தீவனம் பொள்ளாச்சியில் கிடைத்தது. முதலில் குட்டிக்கு ஒரு கைப்பிடிக்கும் குறைவாக வைத்தேன்.

ஜூன் 28

சாம்பல் நிறத் தாய் 31-ஆம் நாளில் எட்டுக் குட்டி போட்டிருக்கிறது. தன் மார்மயிரைப் பிடுங்கிப் பெட்டியில் மெத்தை போட்டிருக்கிறது. பாலூட்டும் தாய்க்கு மட்டும் தட்டு காலியாகக் கூடாது, தண்ணீரும் நிற்கக் கூடாது. தண்ணீர் குறைந்தால் தீனி குறையும், அப்புறம் பால் குறையும். குழாய் முனைகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்தேன். இரண்டு அடைத்திருந்தன.

ஜூலை 20

ஆடிக் காற்று. மேற்குப் பக்கம் கீற்றுத் தட்டி கட்டினோம். முழுக்க அடைக்கவில்லை. மூத்திர நெடி தங்கினால் மூக்கில் சளி பிடிக்கும்.

ஆகஸ்ட் 2

குட்டிகள் பிறந்து 35 நாள் ஆயிற்று, பால் மறக்கவைக்கும் நேரம். இந்தத் தடவை குட்டிகளைப் பிரிக்காமல் தாயை வேறு கூண்டுக்கு மாற்றினேன். பழகிய இடம், பழகிய வாசம், தாயோடு கொறித்த அதே தீவனம். குட்டிக்கு 40 கிராம், மாலையில்தான். முயல் பெரும்பாலும் ராத்திரியில்தான் தின்னும். காய்ந்த புல் மட்டும் நாள் முழுக்க. அடுத்த மூட்டை வேறாக இருந்தால் பழையதில் கால் பங்காகக் கலந்து ஆரம்பித்துப் பத்து நாள் எடுத்துக்கொள்ளப் போகிறேன். அதற்காகவே எப்போதும் அரை மூட்டை ஒதுக்கி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 9

தாயைப் பிரித்த ஏழாம் நாள். விடிந்ததும் கூண்டுக்கு அடியில் போட்ட சாக்கைப் பார்த்தேன். புழுக்கைகள் பட்டாணி மாதிரி உருண்டையாக இருந்தன. ஒன்றை எடுத்து நசுக்கினால் உள்ளே புல்நார் பொடியாக உதிர்ந்தது. எட்டையும் தராசில் வைத்தேன். சின்னது 640 கிராம். அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டேன், சளக்கென்ற சத்தம் இல்லை.