புது முனையம் சரி, ஓடுபாதை?

சின்ன விமான நிலையத்தை விரிவாக்கப் போகிறோம் என்று அறிவிப்பு வந்தாலே எல்லாரும் பகிர்வது புது முனையத்தின் மாதிரிப் படத்தைத்தான். நான் தேடுவது ஓடுபாதையின் நீளத்தை. ஏடிஆர் 72 மாதிரி புரொப்பல்லர் விமானத்துக்குச் சுமார் 1,300 மீட்டர் போதும். முழுச் சுமையோடு ஏர்பஸ் ஏ320 கிளம்ப 2,000 மீட்டருக்கு மேல் வேண்டும், அதுவும் வெயில் ஏறிக் காற்றின் அடர்த்தி குறைந்துவிட்டால் பத்தாமல் போய் ஆளையோ சரக்கையோ குறைக்க வேண்டி வரும். சரி, நீட்டிவிடலாம் என்றால் பாதையின் இரண்டு முனைக்கும் அப்பால் பாதுகாப்புப் பரப்பு வேறு விட வேண்டும். சர்வதேச விதிப்படி குறைந்தது 90 மீட்டர், பரிந்துரையோ 240. அத்தனை நிலத்துக்கும் இழப்பீடு பேசி முடிப்பதற்குள் வருடங்கள் ஓடிவிடும். கண்ணாடிக் கட்டடம் என்னவோ அதற்குள் திறந்துவிடுவார்கள், அதே பழைய சின்ன விமானத்துக்கு!